கண்டக்டர் சொல்ல வந்த சேதி

கண்டக்டருக்குக் குரல் ஒன்றுதான் சொத்து. டவுன் பஸ்ஸின் முன்வாசலில் நின்று "உள்ளே நகருங்க, உள்ளே நகருங்க" என்று அவர் ஒரு சத்தம் போட்டால், பின்வாசலில் தொங்கிக்கொண்டு வருகிற ஆள்கூட மறுபேச்சில்லாமல் நகர்ந்துவிடுவான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை. கடையில் தக்காளி விலை கேட்டாலும் தெருவே திரும்பிப் பார்க்கும். அப்பேர்ப்பட்ட மனிதர், மகள் வேலை பார்க்கும் வெளிநாட்டு ஊரில், அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மாடியறையில், காலையில் எழுந்து கண்ணாடி முன்னால் நின்று ஒரே ஒரு வரியைச் சொல்லிப் பார்த்தார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"அம்மா தவறிட்டாம்மா."

இதைச் சொல்லத்தான் விமானம் ஏறி வந்திருந்தார். மனைவி போய்ப் பத்துப் பதினோரு மாதம் ஆகிறது. மகளுக்கு இன்னும் தெரியாது.

இந்தக் காலத்தில் அது எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்கத் தோன்றும். அந்தக் குடும்பத்தின் வழக்கம் அப்படி. கண்டக்டரின் மனைவிக்கு இளவயதிலேயே காது மந்தம். காதில் மாட்டிக்கொள்ள மிஷின் வாங்கிக் கொடுத்தார்கள்; அது பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. "உங்க குரலுக்கு மிஷின் வேற வேணுமா?" என்பாள். ஆகவே போன் என்றால் அவர் மூலமாகத்தான். மகள் அந்தப் பக்கம் கேட்பாள். கண்டக்டர் சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏய்! மூட்டுவலி எப்படி இருக்குன்னு பாப்பா கேக்கறா!" என்று கத்துவார். அவள் ஏதாவது சொல்வாள். அவர் அதைப் போனில் திருப்பிச் சொல்வார், தன் சரக்கையும் கொஞ்சம் சேர்த்து.

மகள் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத சமயத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். பிறகு கையை விரித்துவிட்டார்கள். முதல் வருடம் லீவு கிடையாது, ஊருக்குப் போனால் வேலை போச்சு என்பது ஒப்பந்தம். கண்டக்டர் சொந்தக்காரர்களை ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்க வைத்து, "பாப்பாகிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது. நேரம் பார்த்து நானே சொல்லிக்கறேன்" என்றார். கொழுந்தியாள் மட்டும், "பெத்த பொண்ணுக்குச் சொல்லாம இருக்கிறது நல்லாவா இருக்கு, அத்தான்?" என்று கேட்டாள். அவர் பார்த்த பார்வையில் அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடித்தது. "அம்மா என்னப்பா பண்றா?" என்றாள் மகள். பழக்க தோஷத்தில் சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏய்! பாப்பா கேக்கறா, என்ன பண்றேன்னு!" என்று கத்தினார். காலி சமையலறை. பிறகு போனில், "வெங்காயம் உரிக்கறாளாம்" என்றார். அன்றைக்கு ஆரம்பித்தது. போனில் கேமரா கெட்டுவிட்டது என்று ஒரு பொய்யைச் சேர்த்துக்கொண்டார். அப்புறம் எல்லாம் தானாக ஓடியது.

போன மாதம் மகளுக்கு வேலை நிரந்தரமானது. உடனே அப்பாவுக்கு ஒரு டிக்கெட் அனுப்பினாள். "அம்மாவை அடுத்த தடவை கூட்டிக்கலாம்பா, அவளுக்குப் பிளேன்ல காது அடைக்கும்" என்று அவளே சொல்லிவிட்டாள். இதற்கு என்ன சாக்குச் சொல்வது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவருக்கு அப்பாடா என்றிருந்தது.

வந்து இறங்கிய மாலை சொல்ல முடியவில்லை. காரை வீட்டு ஓனர் ஓட்டினார். வீட்டில் ஓனரம்மா சாப்பாட்டோடு காத்திருந்தாள். அப்புறம் மகளுக்குத் தூக்கம் சொக்கியது, விடியற்காலை ஷிப்ட். "நாளைக்கு லீவு கிடைக்கலப்பா. சாயங்காலம் வந்துடுவேன். பெரியப்பா உங்களை மியூசியம் கூட்டிட்டுப் போறாராம், போயிட்டு வாங்க" என்றாள். இன்னும் ஒரு பகல் தள்ளிப்போனதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். பிறகு அந்தச் சந்தோஷத்தை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டார்.

மகள் பெரியப்பா, பெரியம்மா என்று கூப்பிடும் அந்த ஓனர் தம்பதி, தாத்தா காலத்திலேயே அங்கே போய் வேர்விட்டவர்கள். பேச்சு நம் பேச்சுதான், கொஞ்சம் ஆற அமர வரும், அவ்வளவே. பிள்ளைகள் வேறு ஊர்களில். மாடியறை காலியாக இருக்கிறதே என்று வாடகைக்கு விட்டார்கள், வந்தவள் மகளாகிவிட்டாள். காலையில் ஓனரம்மா கண்டக்டரின் தட்டில் ரொட்டிக்கு மேல் ரொட்டியாக வைத்தாள். போதும் என்று கையை வைத்து மறைத்தாலும் விரலிடுக்கில் ஒன்றைச் செருகினாள். "நல்லா சாப்பிடுங்க. இளைச்சுப் போயிருக்கீங்க" என்றாள். முன்னே பின்னே பார்த்திராத ஆளை இளைத்துப் போயிருக்கிறீர்கள் என்று எதை வைத்துச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. அவள் சட்டென்று உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை, தண்ணீர் விழுகிற சத்தம்தான் கேட்டது.

ஓனர் அந்த மியூசியத்திலேயே எலக்ட்ரீஷியனாக இருந்து இரண்டு மாதம் முன்புதான் ஓய்வு பெற்றவர். கண்டக்டர் அவருக்கு மனதுக்குள் 'பல்பு அண்ணன்' என்று பெயர் வைத்தார். வாசலில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த பெண்ணைக் கண்டக்டர் நின்று கவனித்தார். ஓரம் பிசிறில்லாமல் கிழித்தாள். பரவாயில்லை, தேறுவாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஊரிலிருப்பவர்கள் எல்லாம் மியூசியத்தைச் சரித்திரமாகப் பார்ப்பார்கள். பல்பு அண்ணனுக்கு அது மொத்தமும் விளக்குதான். "இந்தக் கூடத்துல வெளிச்சம் ஒரே சீரா வர எனக்கு ஒரு வருஷம் ஆச்சு" என்றார். குதிரைமேல் உட்கார்ந்திருந்த கல் ராஜாவைக் காட்டி, "இவர் தலைக்கு மேல இருக்கே ஒரு பல்பு, சண்டாளப் பல்பு. மாசத்துக்கு ஒரு தடவை போயிடும். ஏணியில ஏறினா, கையில இருக்கிற ஸ்குரூ டிரைவர் எங்க இவர் மேல விழுந்துடுமோன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிப்பேன்" என்றார். கண்டக்டர் ராஜாவை உற்றுப் பார்த்தார். மூக்கு உடைந்திருந்தது.

"அது நான் இல்ல. முன்னாடியே அப்படித்தான்" என்றார் பல்பு அண்ணன் அவசரமாக.

கண்டக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு கூரையில் மோதித் திரும்பி வந்தது. மூலையில் நின்ற காவலாளி உதட்டில் விரலை வைத்தான். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்து நாளாயிற்று என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சாயங்காலம் மகளிடம் சொல்ல வேண்டிய ஆள், இங்கே நின்று இளிக்கிறோமே என்று இருந்தது.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் கண்ணில் ஒட்டவில்லை. இவ்வளவு மெதுவாக நடந்து அவருக்குப் பழக்கமும் இல்லை. நாள் முழுக்க நிற்கச் சொன்னால் நிற்பார், ஓடுகிற பஸ்ஸில் முன்னும் பின்னும் போகச் சொன்னால் போவார். நாலு அடி வைத்து நின்று, நாலு அடி வைத்து நின்று கால் கழன்றுவிடும்போல் இருந்தது. கடைசியில் ஒரு சின்ன அறைக்குள் போனார்கள். போர், ராஜா எதுவும் இல்லாத அறை. ஏதோ ஒரு காலத்து வீடுகளில் புழங்கிய சாமான்கள்: கரண்டி, மை டப்பா, உடைந்த பானை, ஒரு மரச்சீப்பு. சீப்பில் பல் இரண்டு போயிருந்தது. கீழே அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்டக்டர் கேட்டார்.

"பெண்கள் பயன்படுத்தியதுன்னு போட்டிருக்கு."

"எந்தப் பெண்?"

"அது எப்படித் தெரியும்?"

கண்டக்டருக்கு ஏனோ கோபம் வந்தது. இவ்வளவு பெரிய கட்டடம், இவ்வளவு விளக்கு, ஒரு சீப்பு யாருடையது என்று தெரியாதாம். வீட்டில் ஜன்னல்மேல் மனைவியின் சீப்பு அப்படியே கிடக்கிறது, நரைமுடியோடு. அதை எடுத்துப் போடவும் மனம் வரவில்லை, பார்க்கவும் மனம் வரவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் பல்பு அண்ணனும் உட்கார்ந்தார்.

"அண்ணே, பாப்பாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும். அதுக்குத்தான் நான் வந்ததே." கண்டக்டர் மென்று முழுங்கினார். "அவ அம்மா..."

பல்பு அண்ணன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும்" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாப்பாதான் சொன்னா."

கண்டக்டருக்கு முதலில் அதன் அர்த்தமே ஏறவில்லை. திருதிருவென்று விழித்தார். பல்பு அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டு பயனில்லை, வாயை விட்டாயிற்று. "அவ சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா. வீட்ல கிளம்பும்போதுகூட என் வீட்டுக்காரி எச்சரிச்சுதான் அனுப்பினா. நான் ஒரு ஓட்டை வாய்" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னார்.

அம்மா போன மறுநாளே மகளுக்குத் தெரிந்துவிட்டது. கொழுந்தியாளின் மகன், செத்துப்போன தன் பெரியம்மாவின் படத்துக்கு மாலை போட்டுப் போனில் ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறான். கொழுந்தியாள் பார்த்து, அவன் முதுகில் ரெண்டு வைத்து, அதை எடுக்க வைத்தாள். அதற்குள் மகள் பார்த்துவிட்டாள்.

"அன்னிக்கு வீட்டுக்காரி ஊர்ல இல்ல. எனக்கு டியூட்டி. இவளை அந்த நிலைமையில தனியா விட மனசு வரல. கையோட இங்க கூட்டிட்டு வந்துட்டேன். இதே பெஞ்சுலதான் உட்கார வச்சேன். வர்றவன் போறவன் எல்லாம் இவ மூஞ்சியைப் பார்த்துட்டுப் போறான். எனக்குப் பொறுக்கல. இந்த ரூம் லைட்டை மட்டும் ஆஃப் பண்ணிட்டு, வாசல்ல பராமரிப்பு வேலைன்னு போர்டை வச்சுட்டேன். சாயங்காலம் வரைக்கும் இருட்டுல உட்கார்ந்து அழுதா. மேலதிகாரி கேட்டதுக்கு ஒயர் ஷார்ட்டுன்னேன்."

கண்டக்டர் எழுந்துவிட்டார். "அப்ப ஏன் என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தா? அம்மா மாத்திரை போட்டாளான்னு போன வாரம்கூடக் கேட்டாளே! என்னை வச்சு வேடிக்கை பார்த்தாளா?" ஓய்வு பெறாத அந்தக் குரல் மூன்று கூடம் தாண்டிக் கேட்டிருக்கும். காவலாளி ஓடிவந்தான். பல்பு அண்ணன் கையைக் காட்டி அவனை அனுப்பிவிட்டு, கண்டக்டரின் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சொல்லிடலாம்னுதான் அந்த ஞாயித்துக்கிழமை போன் பண்ணா. நான் பக்கத்துலதான் இருந்தேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம, அம்மா என்ன பண்றான்னு கேட்டுட்டா. நீங்க உள்ள பார்த்துக் கூப்பிட்டீங்க. எனக்கே கேட்டுச்சு. போனை வச்சுட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துட்டா. 'எனக்குத் தெரியும்னு சொல்லிட்டா, அடுத்த வாரத்துல இருந்து அப்பா யாரைக் கூப்பிடுவார், பெரியப்பா?' அப்படின்னா."

கண்டக்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாரா வாரம் தான் இட்டுக்கட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டாள். அம்மா பால்காரனை விரட்டிவிட்டாள். ஒரு தடவை அம்மா சொன்னதாக ஒரு வேடிக்கை சொல்லி, தானே சிரித்து, அந்தப் பக்கம் மகளும் சிரித்தாளே, அது என்ன சிரிப்பு? ஒற்றை டிக்கெட் வந்தபோது ஏன் ஒன்று என்று தனக்குத் தோன்றாமல் போயிற்றே. தெரிந்தவளாக இருந்ததால்தானே ஒன்று அனுப்பினாள்.

அவர் அழுதார். வாழ்நாள் முழுக்கச் சத்தம் போட்டே பழகிய மனிதருக்குச் சத்தமில்லாமல் அழத் தெரியவில்லை. பல்பு அண்ணன் அனிச்சையாக எழுந்து சுவரிலிருந்த மின்பெட்டி வரைக்கும் போனார். சட்டைப்பையைத் தடவினார். "சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டேனே" என்று முணுமுணுத்தார். வேறு வழியில்லாமல் மியூசியத்தின் வழிகாட்டும் வரைபடத்தை அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டு, வழி தேடுகிற ஆள் மாதிரி, கண்டக்டரை மறைத்து நின்றார்.

திரும்புவதற்குப் பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டர் யோசித்தார். மகளுக்குத் தெரியும் என்று தனக்குத் தெரிந்ததை அவளிடம் சொல்லாமலே விட்டுவிடலாம். அவள் கேட்பாள், இவர் சொல்வார், இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்று மிச்சமிருக்கும். சொல்லிவிட்டால் அந்த வீட்டில் கூப்பிட ஆளில்லை. இத்தனை நாளும் தான் பயந்தது மகள் தாங்கமாட்டாள் என்று அல்ல, இதற்குத்தான் என்பது அவருக்குப் புரிந்தது. சே, அறுபது வயது தாண்டிய மனுஷன், காலி சமையலறையை மகள் தலையில் கட்டிவிட்டேனே என்று மனதுக்குள் பொருமினார்.

சாயங்காலம் மகள் வந்தாள். அவள் செருப்பைக் கழற்றும்போதே ஓனர் தம்பதி, கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியேறினார்கள். கையில் பையில்லை. மகள் சீருடையோடு நாற்காலியில் சரிந்தாள்.

"மியூசியம் எப்படிப்பா இருந்துச்சு?"

"பெரிய இடம். கால் வலி உயிர் போகுது."

"அம்மா வந்திருந்தா என்னைத்தான் திட்டியிருப்பா, அப்பாவை இப்படி நடக்க வச்சிருக்கியேன்னு." சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். அவருக்கு இப்போது தெரிந்தது. இவள் இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இவர் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்.

காலையில் ஒத்திகை பார்த்த வரி வரவில்லை. "அம்மா செத்துப்போயிட்டாம்மா" என்றார். சின்னக் குரலில் சொன்னார். அந்தக் குரல் தன்னிடம் இருந்ததே அவருக்குத் தெரியாது. அதை வாய்விட்டு யாரிடமும் அவர் சொன்னதில்லை. ஊரில் எல்லோரும் கூடவே இருந்தார்கள், சொல்ல வேண்டி வரவில்லை.

மகள் தெரியும் என்று சொல்லவில்லை. எழுந்து வந்து அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். "எப்படிப்பா?" என்றாள்.

அவர் காய்ச்சலில் ஆரம்பித்தார். அவளுடைய கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. எந்த வார்டு? ஆக்ஸிஜன் வச்சாங்களா? மூச்சு ரொம்பத் திணறுச்சா? ராத்திரி கூட யாரு இருந்தா? அவளுக்குக் காது கேக்காதுன்னு அங்க இருந்த நர்ஸுக்குச் சொன்னீங்களா? சொல்லச் சொல்லத்தான் கண்டக்டருக்கு விளங்கியது. மாலை போட்ட ஒரு படத்தைத் தவிர இவளுக்கு எதுவுமே தெரியாது. இத்தனை மாதமும் இதில் ஒன்றைக்கூடக் கேட்க முடியாமல், மூட்டுவலியையும் மாத்திரையையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். அதுவும் தன்னால்தான்.

"என்னைக் கேட்டாளாப்பா?"

கேட்டாள். இரண்டாம் நாள் மதியம், மூக்கில் இருந்ததைத் தள்ளிவிட்டு, "பாப்பாவை வரச் சொல்லுங்க, பார்க்கணும்" என்றாள். பிழைத்து எழுந்துவிடுவாள், இதற்குப் போய்ப் பெண்ணின் வேலையைக் கெடுப்பதா என்று அவர் போன் செய்யவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தார். மறுநாள், "கிளம்பிட்டாளா?" என்று கேட்டாள். அவர் அவள் காதருகே குனிந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "கிளம்பிட்டா! வந்துக்கிட்டே இருக்கா!" என்று கத்தினார். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை. கடைசி வரைக்கும் கண்ணை வாசலிலிருந்து எடுக்கவில்லை.

"கேட்டாம்மா" என்றார் கண்டக்டர். "உன்னை நல்லா இருக்கச் சொன்னா. வேலையை விட்டுட்டு ஓடி வரவேணாம்னு சொல்லச் சொன்னா."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அம்மாவா அப்படிச் சொன்னா?"

"ஆமாம்மா."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கண்டக்டர் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவள் நம்பினாளா, அவருக்காக நம்பியதாக இருந்துகொண்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்கவும் முடியாது.